பச்சைப் பொட்டு

ஆஸ்பத்திரிக்காரர்கள் தந்த படிவத்தில் கேட்டிருந்தது:
வீட்டிலிருந்து காய்கறிக் கடை எத்தனை கிலோமீட்டர்?

டெல்பின் சொன்னாள்:
மினிபஸ் வந்தால் பத்து ரூபாய்,
வராவிட்டால் முட்டுவலி.
பிரகாசியம்மா சொன்னாள்:
மாப்பிள்ளை கடலுக்குப் போன நாளில் கிட்ட,
கரையில் கிடக்கிற நாளில் தூரம்.
நான் பேனாவோடு கட்டத்தைப் பார்த்தேன்.
ஒரு எண்ணுக்கு மேல் அதில் கொள்ளாது.

குளச்சலுக்குக் கிழக்கே, கால்வாய் ஓரம்,
எங்கள் அன்பியத்தில் பதினெட்டு வீடு.
ஞாயிறு பூசை முடிந்து பள்ளிக்கூட மாடியில்
நான்கு சார்ட்டை ஒட்டி
ஊரை வரைந்தோம்.
முதலில் குருசடி, பிறகு ஏலக்கூடம்,
தூண்டில் வளைவு, தண்ணீர் டாங்க்.
எல்லாருக்கும் தன் வீட்டை மட்டும்
கொஞ்சம் பெரிதாக வரையத் தெரிந்தது.

குறி வைக்க ஸ்டிக்கர் பொட்டு, நாலு அட்டை.
சிவப்பு: பாக்கெட் பலகாரம், கலர் தண்ணி.
பச்சை: கீரை, காய், பழம்.
நீலம் மீனுக்கு.
ஐஸ் பெட்டியில் ஏறி
களியக்காவிளை தாண்டிப் போகிற மீனுக்கு
எங்கே ஒட்டுவது நீலத்தை?
தாளின் மேற்கு விளிம்பில் ஒட்டினாள் டெல்பின்.
பாதிப் பொட்டு தரையில் ஒட்டியது.

சிவப்பு இரண்டு அட்டையும் தீர்ந்தது.
பச்சையில் ஒன்றே ஒன்றை உரித்து
புளிமூட்டில் வைத்தோம்:
வடசேரிக் காய் வண்டி நிற்கிற இடம்.
வருகிற நேரம் காலை பத்து.
பத்து மணிக்கு நாங்கள்
தலையில் மீன்சருவத்தோடு
வேற்றூர்த் தெருவில் கூவிக்கொண்டிருப்போம்.
"பின்ன ஆருக்கு விக்கான் வெண்டைக்கா?"
"பூட்டுக்கும் நாய்க்கும்."
சிரித்தோம்.
நேரத்தை மாற்றச் சொல்லலாம் என்றேன்.
மாற்றுவான்; ரொக்கம் கேட்பான் என்றார்கள்.

அப்போதுதான் சிலுவைதாசன் எழுந்தான்.
சிவப்புப் பொட்டு நெருங்கிக் கிடந்தது
அவன் கடைமேல்தான்.
சண்டைக்கு என்று நினைத்தோம்.
இடுப்பிலிருந்து நீள நோட்டு ஒன்றை உருவித்
தாளின்மேல் போட்டான்.
"இதையும் சேத்து வரையுங்க."

எண்ணெய் விரல் படிந்த கடன் நோட்டு.
தடைக்காலம் இரண்டு மாதமும்
பக்கம் பக்கமாய் எங்கள் பேர்.
மிக்சர் 2. பன் 4. மைதா. மிக்சர் 3.
சர்க்கரை மாத்திரை போடுகிற என் பேரும் இருந்தது.
கேக் 1.
நான் யாரிடமும் சொல்லாத ஒரு புதன்கிழமை.

"கடன் தாற கடைதான் உங்களுக்குப் பக்கத்துக் கடை.
மிக்சர் மாசக்கணக்கில் கிடக்கும்.
தக்காளி கிடக்குமா?
அழுகினா அது ஆரு கணக்கு?"

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்தார்கள்.
அந்தச் சத்தம் நிற்கும்வரை ஒருவரும் பேசவில்லை.
"பாதி எங்க கணக்கு" என்றாள் டெல்பின்,
யாரையும் கேட்காமல், எல்லாருக்காகவும்.
சண்டை அதற்குத்தான் வந்தது.
இரண்டு ஞாயிறு நீண்டு
வீட்டுக்கு வாரம் பதினைந்து ரூபாய் என்று ஓய்ந்தது.
பிரகாசியம்மா இன்னும் கட்டவில்லை.

இப்போது அவன் கடை வாசலில்
கழுவிக் காயவைத்த மீன் கிரேட் ஒன்று.
முதல் வாரக் கத்தரிக்காயில் லேசாக அயிலை மணம்;
பாதி சுருங்கி ஆட்டுக்குப் போனது.
மூன்றாம் வாரம் பேயன்பழம்
விளக்கு வைக்குமுன் தீர்ந்துபோக
சிலுவைதாசன் இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தான்.
மிக்சர் சரம் தலைக்குமேல் அப்படியே தொங்குகிறது.
பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

வரைபடம் மாடிச் சுவரில் இருக்கிறது.
அவன் கடைமேல் சிவப்பை உரிக்காமல்
பக்கத்தில் பச்சை ஒன்று வைத்தோம்.
உப்புக்காற்றில் தினம் ஒரு பொட்டு உதிர்கிறது,
நிறம் பார்க்காமல்.
சகுனம் ஒன்றுமில்லை, பசை அவ்வளவுதான்.
கூட்டிப் பெருக்கும்போது எடுத்து
சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுகிறேன்.

படிவத்தை அனுப்பியாயிற்று.
கிலோமீட்டர் கட்டத்தில் எழுதியது:
பின்பக்கம் பார்க்கவும்.

நேற்று நோட்டில் என் பேருக்கு நேரே
அகத்திக்கீரை, ஒரு கட்டு.
பாக்கி பன்னிரண்டு ரூபாய்.